அண்ணி சேர்த்த வாஷர்

எங்கள் அண்ணி பேருந்தில் ஏறுவதற்கு முன்னால் குனிந்து அதன் சக்கரத்தைப் பார்ப்பாள். பின்னால் நிற்கிற கூட்டம் "ஏறும்மா, ஏறு!" என்று கத்தும். ஓட்டுநர் ஹாரனை அழுத்துவார். இவளோ நட்டெல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகுதான் படியில் கால் வைப்பாள். ஒரு முறை "ஒண்ணு இல்லீங்களே" என்று ஓட்டுநரிடமே போய்ச் சொல்லி, அவர் எரிந்து விழ, ஏறிய எங்களையும் இறக்கி வெயிலில் நடக்கவைத்தாள். எனக்கு மானம் போயிற்று. அண்ணன் வழியெல்லாம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வந்தான். கொஞ்ச தூரம் போனதும் நானும் சிரித்தேன்.

பயந்தாங்கொள்ளி என்றால் அப்படியொரு பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று பார்த்துவிட்டு, பார்த்தோமா என்று என்னிடம் வந்து கேட்பாள். மாடிப்படியில் யாராவது தடதடவென்று இறங்கினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அண்ணி கண்ணுக்கு உருள்வதெல்லாம் பேய். அவளைக் கேலி பண்ணுவதுதான் எங்கள் வீட்டில் தினப்படி பொழுதுபோக்கு.

ஆனால் அவள் பிழைப்பே உருள்கிற சாமான்களோடுதான். ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில், பிணவறைக்கும் சலவைக்கூடத்துக்கும் நடுவில் இருக்கும் பட்டறையில் அவள் மெக்கானிக். சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர், மருந்து வண்டி, குழந்தைக் கட்டில் எல்லாம் கெட்டுப்போனால் அவளிடம்தான் வரும். சின்னச் சக்கரங்களில் சுற்றிக்கொண்ட தலைமுடியையும் நூலையும் அறுத்து எடுப்பாள். தேய்ந்த பேரிங்கைத் தட்டிக் கழற்றிப் புதிது போடுவாள். பிரேக்கைச் சரிசெய்த நாற்காலியில் தானே உட்கார்ந்து, சரிவுப் பாதையில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வார்டுக்கு அனுப்புவாள்.

"ஏன் அண்ணி இப்படிப் பயந்து சாகுறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒவ்வொரு சக்கரமும் யாரையாவது கீழ தள்ளிட்டுத்தான்மா எங்கிட்ட வருது," என்றாள். "சும்மா தேஞ்சு போச்சுன்னு எதுவும் வந்ததில்ல. நான் எப்படிப் பயப்படாம இருக்கிறது?"

அதற்கும் நான் சிரித்தேன். என் வாய் அப்படி. வீட்டில் எனக்குப் பெயரே வாயாடிதான். புகுந்த வீட்டில் ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, பக்கத்துத் தெருச் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் நான். நான் வந்து நின்ற அன்றைக்கு அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசல் சாவியில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "ராத்திரி தாழ்ப்பாள் போட்டியான்னு ரெண்டு தடவ பாத்துடு" என்றாள். நாத்தனார் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண்கள் எத்தனையோ பேர். இவள் சாவியைக் கொடுத்தாள்.

இனி அண்ணன் கதைக்கு வருகிறேன். அவன் கூடாரம் தைக்கிற கடையில் தையல்காரன். ஒரு நாள் கடை முற்றத்தில், துணிச் சுருள்களை ஏற்றுகிற தள்ளுவண்டியில் உட்கார்ந்துகொண்டு, தைத்து முடித்த கூடாரத்தின் மேல்துணியைக் காயவைக்க விரித்துப் பிடித்திருக்கிறான். காற்று வந்து துணிக்குள் புகுந்தது. வண்டியோடு அவனை இழுத்துக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் மோதியது. வீங்கிய மூக்கோடு வீட்டுக்கு வந்து நிற்கிறான், முகமெல்லாம் பல்.

"காத்து என்னை இழுத்துச்சுடீ வாயாடி! பெட்ரோல் இல்ல, மோட்டார் இல்ல, சும்மா துணி! துணியும் காத்தும்!"

"மூக்கைப் பாரு முதல்ல," என்றேன்.

அண்ணி அவன் மூக்குக்கு ஈரத்துணி வைத்தாள். "எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள். அவன் சிரித்தான்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் அதோடு விடுவானா? மீந்த கூடாரத் துணியில் ஒரு பட்டம் தைத்தான். கையில் பிடித்து விளையாடுகிற காகிதப் பட்டம் இல்லை இது. இரண்டு ஆள் படுக்கலாம், அவ்வளவு அகலம். நாலு கயிறு. இரண்டு கயிறு இழுப்பதற்கு, இரண்டு நிறுத்துவதற்கு. ஒவ்வொரு கைக்கும் ஒரு பிடி. பிடியை விட்டுவிட்டால் பட்டம் துவண்டு கீழே விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு காலில் சக்கரம் கட்டி ஓடவேண்டும் என்பது அவன் ஆசை. எங்கேயோ கடற்கரைகளில் ஆட்கள் அப்படிப் போகிறார்களாம். யாரோ கைபேசியில் காட்டினார்களாம். காட்டினவன் கையில் கட்டை முளைக்க.

முதலில் கடையில் விற்கிற ஸ்கேட்டிங் ஷூ வாங்கி வந்தான். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று உண்டு. நீளமான கான்கிரீட், வெடிப்புகளில் தார் ஊற்றியிருக்கும். அங்கே போய் நின்றான். பட்டம் இழுத்தது. ஒரு புளியங்கொட்டை அளவுக் கல்லில் அந்தச் சின்னச் சக்கரம் முட்டி நின்றது. இவன் நிற்கவில்லை. மோவாய்த் தோல் முழுவதையும் ஓடுதளத்தில் விட்டுவிட்டு வந்தான்.

"பெரிய சக்கரம் வேணும்," என்றான், கட்டுப் போட்ட வாயோடு. ஒரு வாரத்தில் வெல்டிங் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து ஒரு ஜோடி செய்து வாங்கிவந்தான். இரும்புச் சட்டம், இரண்டு முனையிலும் வண்டிச் சக்கரம், நடுவில் செருப்பு மாதிரி ஒரு தகடு. அண்ணி அதைக் கையில் வாங்கி, வெல்டிங் பிடித்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். அப்புறம் அடுக்களைக்குப் போய் அம்மிக் குழவியை எடுத்து வந்து அந்த இடத்தில் ஒரே ஒரு போடு போட்டாள். சட்டம் இரண்டாகக் கழன்று விழுந்தது.

"எச்சில் தொட்டு ஒட்டியிருக்கான்," என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "இதுல ஏறி நீங்க போயிருப்பீங்க."

மறுநாள் காலையில் அண்ணன் தலைசீவிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "நான் செய்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன அண்ணி, நீங்களுமா?"

"உங்க அண்ணன் விடமாட்டாரு. வேற எவனாவது செஞ்சு குடுத்தா செத்துடுவாரு. நான் செஞ்சா அடிதான் படும்."

ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட சாமான்களைப் பட்டறை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்தாள். உடைந்த ஸ்ட்ரெச்சரின் அலுமினியச் சட்டத்தை அறுத்து, பாதத்தைவிட ஒன்றரை மடங்கு நீளத்துக்கு இரண்டு பட்டைகள் செய்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் பின்னாலும் காற்று அடைக்கிற டயர் போட்ட சக்கரம், ஒரு தட்டு அளவு. நடுவில் கட்டட வேலைக்காரர்கள் போடுகிற கனத்த பூட்ஸை போல்ட் போட்டு இறுக்கினாள். கால் வலுவில்லாதவர்களுக்கு முழங்கால் வரை மாட்டுகிற கம்பித் தாங்கிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றைக் கணுக்காலுக்கு மேலே பொருத்தினாள். கழன்றுவிடாத நட்டு. அதற்கும் மேலே பூட்டு ஊசி. வேலை நடந்த நாளெல்லாம் பின்கட்டில் உட்கார்ந்து அரத்தால் ராவிக்கொண்டே இருந்தாள். ராவும்போது உதடு அசையும். பிரார்த்தனையாக்கும் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன். "இங்க உடையும், இங்க உடையும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

முடிந்த ஜோடியைப் பார்த்து அண்ணன் குழந்தை மாதிரிக் குதித்தான். நான் ஒரு சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டேன். இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மறுபடி சுண்டினேன். மறுபடியும் அப்படித்தான். அண்ணன் உள்ளே போன சமயம் பார்த்து, "என்ன அண்ணி, நொண்டிக் கழுதையா இருக்கு?" என்றேன்.

அண்ணி வாசலைப் பார்த்தாள். என் காதருகில் வந்தாள். "உள்ள கெட்டி கிரீஸை அடைச்சு வச்சிருக்கேன். பக்கத்துல ஒரு வாஷர் கூடப் போட்டு இறுக்கியிருக்கேன். ஓடாது. நடக்கும். சொல்லிடாதே."

எனக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே! பூனை மாதிரி இருந்துகொண்டு என்ன வேலை பார்த்திருக்கிறாள்! அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஓடுதளத்துக்குப் போனோம். அண்ணி வரவில்லை. ஒரு முறைகூட அவள் பார்க்க வந்ததில்லை. "என்னால முடியாது, நான் அங்கேயே விழுந்துடுவேன்" என்பாள். தூரத்தில் நின்று பட்டத்தை உயர்த்திப் பிடித்துக் காற்றில் விடுவது என் வேலை. முதல் தடவை பட்டம் என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போயிற்று. அது துணி இல்லை, உயிருள்ள ஏதோ ஒன்று. ஆனால் அண்ணன்? நிதானமாக, கல்யாண ஊர்வலத்தில் போகிற மாதிரி போனான். ஓடுதளக் காவலாளி பக்கத்திலேயே பேசிக்கொண்டு நடந்து போனார்.

"பட்டம் பத்தல," என்று முடிவு செய்தான் அண்ணன்.

அங்கேதான் பிடித்தது ஏழரை. இன்னும் பெரிய பட்டம் தைத்தான். அண்ணி அதைப் பார்த்தாள். அவன் கடைக்குப் போன நேரத்தில் சக்கரத்தைக் கழற்றி இன்னொரு வாஷர் சேர்த்தாள். மறுபடி அவன் ஊர்வலம் போனான். மறுபடி "பட்டம் பத்தல". அவன் ஒரு முழம் துணி சேர்த்தால் இவள் ஒரு வாஷர் சேர்ப்பாள். ஒரே கூரைக்குக் கீழே புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள், சண்டை நடப்பதே புருஷனுக்குத் தெரியாது. எனக்கு ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. கடைசியாக அவன் தைத்த பட்டத்தைக் கூடத்தில் விரித்தபோது அது சுவர்களில் ஏறி மடங்கியது. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதோடு நின்றானா? அவ்வளவு பெரிய பட்டத்தைப் பிடித்துக் கை வலிக்கிறதென்று இடுப்புக்கு ஒரு வார் தைத்தான். அதில் ஒரு கொக்கி. பட்டத்தின் இழுகயிற்றில் ஒரு கயிற்று வளையம் கட்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டான். இனிமேல் இழுப்பது முழுக்க இடுப்பில். கை சும்மா திருப்புவதற்கு மட்டும்.

"அப்ப கையை விட்டா?" என்று கேட்டாள் அண்ணி.

"கையை விட்டாலும் கொக்கி விடாது. பாதுகாப்பு!" என்றான் அவன், பெருமையாக.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள் அவள். "உனக்கு எதுலதான் பயமில்ல?" என்று அவன் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

அன்றிரவு நான் அவளிடம், "சொல்லிடுங்க அண்ணி. வாஷர் விஷயத்தைச் சொல்லிடுங்க" என்றேன். "சொன்னா வாஷரைக் கழட்டிடுவாரு. பட்டம் மட்டும் இருக்கும்," என்றாள். அவள் சொன்னது நியாயம்.

அந்த நாள் வந்தது. சலவைக் கடையில் மின்சாரம் போய்விட்டதால் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்கட்டுக்குப் போய்க் கால் கழுவலாம் என்று கதவைத் திறந்தேன். மண்ணெண்ணெய் நாற்றம். தரையில் பழைய சோற்றுத் தட்டு ஒன்றில் கறுப்பாகக் கொழகொழவென்று கிரீஸ் மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் துடைத்துப் போட்ட கந்தல். கந்தலின் மேல், யாரோ அக்கறையாகத் துடைத்து வரிசையாக வைத்த வாஷர்கள்.

சக்கர பூட்ஸ் மாட்டுகிற ஆணி காலியாக இருந்தது. பட்டத்தின் பையையும் காணவில்லை.

எனக்குக் கால் கழுவ வந்தது மறந்துவிட்டது. அண்ணன் கைபேசிக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். அவனோடு துணி வெட்டுகிற வேலை பார்ப்பவர் ஒருவர் உண்டு, அவரை அழைத்தேன். எடுத்தார். பின்னால் காற்று இரைந்தது.

"அண்ணன் எங்க?"

"பூட்ஸ் மாட்டிக்கிட்டிருக்கான்மா. இன்னைக்கு அரை நாள் லீவு. உன்னைக் காணோம்னு பட்டம் பிடிக்க என்னைக் கூட்டி வந்துட்டான்."

"சக்கரத்தைக் கழுவினானா?"

"ஆமா, காலையில உக்காந்து கழுவினானாம். பொண்டாட்டி பாவம், வேலைக்கு நடுவுல எங்க கவனிக்கப் போறான்னு இவனே செஞ்சிருக்கான். உள்ள கிரீஸ் மெழுகு மாதிரி ஒறஞ்சு போயிருந்துச்சாம். வாஷர் வேற தப்புத் தப்பா மாட்டியிருந்துச்சாம். இப்ப சுண்டிவிட்டா நிக்காம சுத்துது!"

"அவனை ஏறவேணாம்னு சொல்லுங்க! ஃபோனைக் குடுங்க அவங்கிட்ட!"

"என்னது? காத்துல ஒண்ணும் கேக்கல…" தொடர்பு அறுந்தது.

ஆஸ்பத்திரிப் பட்டறைக்கு அடித்தேன். மேஸ்திரி எடுத்து அண்ணியிடம் கொடுத்தார். எப்படிச் சொன்னேனோ தெரியாது, சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. விழுந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்றாள்.

கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தேன். வழக்கமாகப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துப் பறக்கும். அன்று எல்லாம் நெடுஞ்சாலைப் பக்கம் விறைத்து நின்றன. ஓடுதளம் முடிகிற இடத்தில் ஒரு கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் ஒரு பள்ளம், பள்ளத்துக்கு மேலே அந்த நெடுஞ்சாலை. ராப்பகலாக லாரி போகிற சாலை.

"ரோட்டுப் பக்கம் அண்ணி," என்றேன். என் குரல் எனக்கே அழுகையாகக் கேட்டது.

வாடகை வண்டியில் பாதி வழியில் அவளை ஏற்றிக்கொண்டேன். பட்டறை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் சாலையோரம் ஓடிவந்துகொண்டிருந்தாள். எங்கள் அண்ணி அந்த வண்டியின் சக்கரத்தைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள், அவ்வளவுதான். வழி முழுக்க என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கு விரல் மரத்துவிட்டது. "வேகமா போங்க, வேகமா போங்க" என்று ஓட்டுநரிடம் அவள் சொல்வதைக் கேட்டேன். அவள் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

ஓடுதளத்துக் கதவருகில் இறங்கும்போது பட்டம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் ஓடுதளத்தின் நடுவில் நின்றிருந்தான். இடுப்பில் வார், கையில் பிடி, காலில் அண்ணி செய்த சக்கரங்கள். அண்ணி கையை வீசிக்கொண்டு ஓடினாள்.

"வேணாங்க! இறக்குங்க! இறக்குங்க!"

அவன் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்ததை நான் அத்தனை தூரத்திலிருந்தும் பார்த்தேன். ஒரு நாளும் வராதவள் வந்திருக்கிறாள். தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான், பாவி. ஒரு கையை விட்டு ஆட்டினான். அப்புறம், அவள் பார்க்கவேண்டும் என்பதற்காகவே, பட்டத்தைக் காற்றின் நடுவுக்குள் இழுத்தான்.

போனான். அப்படியொரு போக்கை நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லை. நின்றவன் நின்றபடியே சின்னதாகிக்கொண்டே போனான். துணி வெட்டுகிறவர் முதலில் கைதட்டினார், பிறகு தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. வேலி அங்கே இருந்தது. அவனுக்கு முன்னால் பட்டம், பட்டத்துக்கு முன்னால் வேலி. அவன் இரண்டு பிடியையும் விட்டுவிட்டான், நாங்கள் பார்த்தோம். பட்டம் விழவில்லை. கொக்கி அவனை விடவில்லை. இடுப்பில் கையை வைத்து வளையத்தைக் கழற்றப் பார்த்தான். அத்தனை இழுப்பில் எங்கே கழலும்? "ஐயோ" என்று அவன் கத்தியது காற்றுக்கு எதிரே எங்களுக்குக் கேட்கவில்லை. வாய் திறந்தது மட்டும் தெரிந்தது.

அண்ணி நின்றாள். ஓடிக்கொண்டிருந்தவள் நின்று, இரண்டு கையையும் வாயருகில் குவித்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"உக்காருங்க! பின்னாடி உக்காருங்க!"

காற்று எங்கள் முதுகிலிருந்து அவனைப் பார்த்து அடித்தது. அந்தச் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவன் காதில் போட்டது. அவன் முழங்காலை மடக்கிப் பின்னால் சாய்ந்தான். கான்கிரீட்டில் விழுந்தான். விழுந்தவனை அது இழுத்தது, இழுத்தது, இழுத்துக்கொண்டே போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாய்க்கு வாய் பேசுகிற நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

திறந்தபோது அவன் வேலியடியில் ஒரு மூட்டை மாதிரிக் கிடந்தான். பட்டம் வேலியைத் தாண்டிப் பள்ளத்துக்குள் சரிந்து, பாதி காற்றை வைத்துக்கொண்டு படபடத்தது. கயிறுகள் கம்பிக்கு மேலாக அவன் இடுப்பு வரை விறைப்பாக நின்றன. காற்று பட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்திலிருந்து மேலே தள்ளியது, சாலைக்கு. தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

அண்ணி ஓடினாள். எனக்கு மூச்சு முட்டியது, என்னால் அவளைப் பிடிக்க முடியவில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்குகிறவள், செருப்பை உதறிவிட்டு, வெடிப்பையும் கல்லையும் பாராமல் ஓடினாள். அவன் மேல் விழுந்தாள். ஏப்ரன் பையிலிருந்து பட்டறைக் கத்தியை எடுத்து அந்த வளையத்தை அறுத்தாள். விறைத்த கயிறு கத்தியின் ஓரத்தில் நறநறவென்றது. ஒரு இழை, இன்னொரு இழை. பட்டம் சாலையில் ஏறி விரிந்தது. லாரி வந்தது.

வளையம் அறுந்தது. அதே மூச்சில் லாரி பட்டத்தின் மேல் ஏறி அதைச் சுருட்டிக்கொண்டு போனது. கயிறுகள் கம்பி வேலியைச் சீறிக்கொண்டு தாண்டின. அண்ணியின் முழங்கையில் ஒன்று கோடு போட்டுவிட்டுப் போனது. லாரிக்காரர் நிற்கவில்லை. அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொடையில் தோல் இல்லை. தோள் எலும்பு ஒரு தினுசாக மேலே துருத்திக்கொண்டிருந்தது. அண்ணி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, சத்தமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. லாரி போன பிறகுதான் அதிகமாகப் பயந்தேன்.

அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். கட்டுப் போட்டு, ஊசி போட்டு, வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் துணி வெட்டுகிறவரும் மேஸ்திரியும் பார்க்க வந்தார்கள். அண்ணனுக்குப் பேச்சு வந்துவிட்டது. படுத்த படுக்கையில் பெருமை வேறு.

"பாத்தீங்களா மேஸ்திரி? சட்டம் வளையல. ஒரு நட்டுகூட அசையல. கணுக்கால் ரெண்டும் முழுசா இருக்கு. என் பொண்டாட்டி கை வச்ச சக்கரம்! இவ செஞ்சதால பொழச்சேன். நான்தான் கழுவாம இத்தன நாள் அதைக் கெடுத்து வச்சிருந்தேன்."

"நீங்க கெடுக்கல," என்றாள் அண்ணி. கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தாள். "நான்தான் கெட்டி கிரீஸ் அடைச்சேன். வாஷரும் நான்தான் சேத்தேன். ஓடக்கூடாதுன்னு. நீங்க பட்டம் பெருசாக்கப் பெருசாக்க நானும் சேத்துக்கிட்டே வந்தேன். அந்தப் பட்டத்தை நீங்க தைக்கல. நான்தான் தைக்க வச்சேன்."

மேஸ்திரி தரையைப் பார்த்தார். அவரும் துணி வெட்டுகிறவரும் நைசாக வெளியே போய்விட்டார்கள். நான் போகவில்லை. போயிருக்கலாம்.

அண்ணன் முகம் சிவந்தது. "எனக்குத் தெரியாம… செத்துருப்பேன்டீ!" என்றான். "பயமா இருக்குன்னு வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே," என்றாள். கோபமில்லை, அழுகையுமில்லை. "மூக்கு வீங்கி வந்த அன்னைக்குச் சொன்னேன். வார் தைச்ச அன்னைக்குச் சொன்னேன். தினமும் சொன்னேன். நான் பயந்தா உங்க ரெண்டு பேருக்கும் சிரிப்பு. அதான் சக்கரத்துகிட்ட சொல்லி வச்சேன்."

உங்க ரெண்டு பேருக்கும் என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். தாதி ஒருத்தி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இப்ப சிரிக்கல," என்றான் கடைசியில். "சொல்லு. வேணாம்னு சொல்லு, விட்டுடறேன். பயமா இருக்குன்னு சொல்லாத. வேணாம்னு சொல்லு."

அண்ணிக்கு அது சுலபமாக வரவில்லை. அவன் கடை முற்றத்திலிருந்து வீங்கிய மூக்கோடு ஓடி வந்த நாளிலிருந்து அந்தப் பட்டத்தைப்போல அவனைச் சந்தோஷமாக வேறு எதுவும் வைத்திருக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்," என்றாள்.

"சரி," என்றான். உடனே சொன்னான். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கட்டுப்போட்ட தோள் குலுங்கியது. வலியில் இல்லை.

அண்ணி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் திரும்பாமலே கேட்டான். "நேத்து பாத்தியா? நான் போனதை?"

"பாத்தேன்."

"கண்ணை மூடிக்கலயே?"

"இல்ல. முழுசா பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

அப்போதுதான் அண்ணிக்கு அழுகை வந்தது. அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே சொன்னாள்.

"அழகா இருந்துச்சுங்க. எனக்கு உயிரே போயிடுச்சு."